ஆந்தைக்காக வாங்கிய பண்ணைகள்

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், மெக்சிகோ எல்லையை ஒட்டி இருக்கிறது பீமா கவுன்டி. கவுன்டி என்பது ஏறக்குறைய நம் மாவட்டம் போன்றது. ஆனால் அதை ஆள்வது மேலிருந்து அனுப்பப்படும் ஆட்சியர் அல்ல, மக்கள் தேர்ந்தெடுக்கும் ஐந்து பேர் கொண்ட வாரியம். டூசான் நகரமும் அதைச் சூழ்ந்த சொனோரா பாலைவனத்தின் ஒரு பகுதியும் இந்தக் கவுன்டிக்குள் வருகின்றன. பாலைவனம் என்றதும் மணல்மேடுகள் நினைவுக்கு வரலாம். சொனோரா அப்படிப்பட்டதல்ல. கோடையில் ஒரு மழை, குளிர்காலத்தில் ஒரு மழை என்று ஆண்டுக்கு இரண்டு பருவம் உண்டு. சவாரோ என்னும் கள்ளி நாற்பது அடிக்கும் மேலாக வளர்ந்து நிற்கும். அதன் பூத்தேனைத் தேடி மெக்சிகோவிலிருந்து வௌவால்கள் வரும். அதன் தண்டில் மரங்கொத்தி குடைந்துவிட்டுப் போன பொந்தில் ஒரு குட்டி ஆந்தை முட்டையிடும். ஒரு கைக்குள் அடங்கிவிடக்கூடிய இந்த ஆந்தையை 1997இல் மத்திய அரசு அழிவின் விளிம்பில் உள்ள இனமாக அறிவித்தபோது, அரிசோனாவில் கண்டறியப்பட்டிருந்தவை மிகச் சொற்பம். டூசானின் வடமேற்கே வீட்டுமனைகள் மளமளவென்று பெருகிக்கொண்டிருந்த இடமே அவற்றின் இருப்பிடமாகவும் இருந்தது.

அருகிவரும் உயிரினங்களுக்கான 1973ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, அத்தகைய விலங்கைக் கொல்வது மட்டுமல்ல, அது செத்துப்போகும்படி அதன் வாழிடத்தைச் சிதைப்பதும் குற்றம். எனவே ஆந்தையின் பெயர் பட்டியலில் ஏறியதும் மனைப்பிரிவுகளும் ஒரு பள்ளிக்கூடக் கட்டடமும்கூட வழக்கில் சிக்கின. 1998இல் பீமா கவுன்டி ஒரு முடிவெடுத்தது. ஒவ்வொரு மனைக்கும் தனித்தனியாகச் சண்டை போடுவதற்குப் பதிலாக, கவுன்டி முழுவதற்கும் ஒரே பாதுகாப்புத் திட்டம் வகுக்கலாம் என்பதே அது. எந்த நிலம் எந்த உயிருக்கு எவ்வளவு தேவை என்பதை முதலில் உயிரியலாளர்கள் சொல்ல வேண்டும், பணக் கணக்கு அதன் பிறகு வரட்டும் என்று வரிசையையும் வகுத்துக்கொண்டது. இந்த வரிசையே திட்டத்தின் முதுகெலும்பு என்பேன். பார்வைக்கு அழகான மலைச்சரிவை வாங்குவது எந்த ஊரிலும் எளிதில் கைதட்டல் பெறும். ஆனால் உயிர்கள் மொய்ப்பது பெரும்பாலும் கண்ணைக் கவராத ஓடைக்கரைகளிலும் முட்புதர்ச் சமவெளிகளிலும்தான்.

நிலத்தை ஏன் வாங்க வேண்டும், விதிமுறை போட்டுத் தடுத்தால் போதாதா என்பது இங்கே எழும் முதல் கேள்வி. பீமா கவுன்டி அதையும் செய்து பார்த்தது. 2001இல் நிலங்களை வகைப்படுத்தி, ஓடைக்கரை நிலத்தில் 95 விழுக்காடும், உயிர்வளம் செறிந்த மையப் பகுதிகளில் 80 விழுக்காடும் சிதையாமல் விடப்பட வேண்டும் என்று வழிகாட்டு நெறி வகுத்தது. ஆனால் நில உரிமையாளர் தம் நிலத்தின் வகைப்பாட்டை மாற்றித் தரும்படி கவுன்டியிடம் வந்து நின்றால்தான் அந்த நெறிக்கு வேலை. ஏற்கெனவே உள்ள உரிமைப்படி வீடு கட்டுபவரை அது தொடாது. போதாக்குறைக்கு, ஒரு நிலத்தை ஐந்து துண்டு வரை பிரித்து விற்க மனைப்பிரிவு அனுமதியே தேவையில்லை என்பது அரிசோனா சட்டம். ஐந்தாகப் பிரித்து விற்றதை வாங்கியவர் மீண்டும் பிரிப்பார்; சாலையோ சாக்கடையோ இல்லாமல், மனைப்பிரிவு அனுமதியும் இல்லாமல் ஒரு பள்ளத்தாக்கு முழுதும் குடியிருப்பாகிவிடும். அரசின் நிலப் பயன்பாட்டுச் சட்டத்தால் நிலத்தின் மதிப்பு குறைந்தால் உரிமையாளருக்கு இழப்பீடு தர வேண்டும் என்று 2006இல் அந்த மாநில மக்கள் வாக்களித்துச் சட்டமும் இயற்றிவிட்டார்கள். கடுமையான விதி போட்டால் அதற்கும் பணம் கொடுத்தாக வேண்டும் என்னும்போது, நிலத்தையே விலை கொடுத்து வாங்கிவிடுவது நேர்மையான வழி மட்டுமல்ல, நிலைக்கும் வழியும்கூட.

அந்தப் பணத்தை மக்களே தந்தார்கள். 2004 மே மாதம் நடந்த வாக்கெடுப்பில், திறந்தவெளியையும் வாழிடத்தையும் காக்க ஏறக்குறைய 17 கோடியே 40 லட்சம் டாலர் அளவுக்குக் கடன் பத்திரம் வெளியிட ஒப்புதல் கிடைத்தது. பத்திரங்களை விற்றுக் கவுன்டி பணம் திரட்டும். பிறகு ஆண்டுதோறும் சொத்து வரியிலிருந்து கடனை அடைக்கும். சான் பெட்ரோ பள்ளத்தாக்கின் ஏ-7 பண்ணை, சியெனகா ஓடையை ஒட்டிய பார்-வி பண்ணை, தெற்கே ராஞ்சோ செக்கோ என்று பெரும் மேய்ச்சல் பண்ணைகள் ஒவ்வொன்றாகக் கைமாறின. இந்தப் பண்ணைகளில் ஒரு சூட்சுமம் உண்டு. பண்ணைக்காரர் மாடு மேய்க்கும் பரப்பில் பெரும்பகுதி அவருக்குச் சொந்தமல்ல, மாநில அரசிடமோ மத்திய அரசிடமோ குத்தகைக்கு எடுத்தது. அவருடைய சொந்த நிலம் சிறிய பங்குதான். ஆனால் முன்னோர் குடியேறியபோது தண்ணீர் இருக்கும் இடமாகப் பார்த்துத்தான் பட்டா வாங்கியிருப்பார்கள். ஊற்றும் ஓடையும் ஆற்றங்கரை மரங்களும் அந்தச் சொந்த நிலத்தில்தான் இருக்கும். வறண்ட நாட்டில் மீனும் தவளையும் பறவையும் அண்டி வாழ்வதும் அங்கேதான். ஆக, பண்ணையின் சொந்த நிலத்தை வாங்கினால் பரப்பில் சிறியதும் உயிர்வளத்தில் பெரியதுமான பகுதி கவுன்டிக்குச் சொந்தமாகிறது. அதைச் சூழ்ந்த குத்தகை நிலத்தின் மேலாண்மையும் கூடவே வருகிறது. மாடுகளையும் விரட்டிவிடவில்லை. பல பண்ணைகளில் உடன்படிக்கையின் பேரில், எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தி, மேய்ச்சல் தொடர்கிறது. பண்ணைத் தொழில் அழிந்துவிடும் என்ற அச்சத்துக்கு இதுவே பதில். தொழிலுக்கு உண்மையான பகை மனைப்பிரிவுதான்.

உயிரினம் மத்திய அரசின் கவலை, வீடும் சாலையும் பார்க்க வேண்டிய உள்ளூர் நிர்வாகத்துக்கு இதில் என்ன வேலை என்று கேட்பவர்கள் உண்டு. நான் இதை நேர்மாறாகப் பார்க்கிறேன். வாழிடத்தை அழிப்பது எங்கோ இருக்கும் அரசல்ல. மனைக்கு அனுமதி, சாலைக்கு ஒப்பந்தம், குடிநீர்க் குழாய் என எல்லாம் உள்ளூர் அலுவலகத்தின் மேசையில்தான் முடிவாகின்றன. அனுமதி தரும் கையே ஈடு செய்யும் பொறுப்பையும் ஏற்கும்போதுதான் இரண்டும் ஒரே கணக்குப் புத்தகத்தில் வரும். பீமாவில் அது நடந்தது. 2016இல் மத்திய வனவிலங்குத் துறை 44 இனங்களை உள்ளடக்கிய 30 ஆண்டு உரிமத்தைக் கவுன்டிக்கு வழங்கியது. சாலை போடும்போதும் மனைக்கு அனுமதி கொடுக்கும்போதும் நேரும் இழப்புக்கு ஈடாக, ஏற்கெனவே வாங்கி வைத்த நிலங்கள் எண்ணப்படுகின்றன. நிலம் முடக்கப்பட்டு வீட்டு விலை ஏறும் என்ற எதிர்வாதத்தை நான் அலட்சியப்படுத்தவில்லை. நகரின் இடுப்பைச் சுற்றி வளைத்து நிலம் வாங்கிய ஊர்களில் அது மெய்யான சிக்கல். பீமா வாங்கியதில் பெரும்பங்கு, நகரத்திலிருந்து தள்ளியிருக்கும் பண்ணைகள். எங்கே கட்டலாம் என்பதும் தெளிவானதால், கட்டுமானத் தொழிலுக்கும் வழக்கு பயம் குறைந்தது.

திட்டத்துக்குக் காரணமான ஆந்தைக்கே 2006இல் பாதுகாப்பு போய்விட்டது என்பது இதைவிடக் கூர்மையான எதிர்வாதம். மெக்சிகோவில் அது நிறைய இருக்க, அரிசோனாவில் உள்ளவற்றைத் தனியாகப் பட்டியலிட்டதற்குப் போதிய காரணம் காட்டவில்லை என்று வீடு கட்டுவோர் சங்கம் தொடுத்த வழக்கில் நீதிமன்றம் கூறியது, பெயர் நீக்கப்பட்டது. ஆந்தையே பட்டியலில் இல்லாதபோது செலவு எதற்கு? பீமா கவுன்டி நிறுத்தவில்லை, நிலம் வாங்குவதைத் தொடர்ந்தது. 2023இல் அதே ஆந்தை, அச்சுறுத்தலுக்கு உள்ளான இனமாக மீண்டும் பட்டியலில் ஏறியது. இடைப்பட்ட பதினேழு ஆண்டுகளும் அந்தச் சட்டத்தை மட்டுமே நம்பியிருந்தால், திரும்பி வந்த சட்டம் காப்பாற்றுவதற்கு மிஞ்சியிருக்கும் நிலம் இன்னும் குறைந்திருக்கும்.

வாங்கியதோடு வேலை முடிவதில்லை என்பதற்கு நமக்கு நன்கு தெரிந்த ஒரு புல்லே சாட்சி. கொங்கு நாட்டில் கொரங்காடு எனப்படும் மேய்ச்சல் நிலங்களில் மாடுகளுக்கு விருப்பத் தீவனமான கொழுக்கட்டைப் புல், ஆப்பிரிக்காவிலும் நம் பக்கத்திலும் இயல்பாக வளர்வது. தீவனத்துக்காக அமெரிக்காவுக்குக் கொண்டுபோகப்பட்ட அது சொனோராவில் காட்டுக்குள் பரவிவிட்டது. அந்தப் பாலைவனத்துச் செடிகள் இடைவெளி விட்டு வளர்பவை; நெருப்பு ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவாது. கொழுக்கட்டைப் புல் அந்த இடைவெளியை நிரப்பிவிடுகிறது. காய்ந்த புல்லில் தீ ஓடினால், நூறாண்டுக்கு மேல் வளர்ந்த சவாரோ வெந்து சாகிறது. புல் அடுத்த மழையில் வேரிலிருந்து துளிர்க்கிறது. கடப்பாரை கொண்டு தூரோடு பெயர்க்க வேண்டும், அல்லது பச்சையாக இருக்கும்போது மருந்தடிக்க வேண்டும், ஒவ்வோர் ஆண்டும். கடன் பத்திரப் பணம் நிலம் வாங்கத்தான் பயன்படும். களையெடுக்கும் கூலியை ஆண்டு வரவுசெலவில்தான் தேட வேண்டும். நிலம் வாங்கும் எந்த உள்ளூர் நிர்வாகமும் முதல் நாளே இந்தத் தொகையை ஒதுக்காவிட்டால், கையில் நிலப் பத்திரம் இருக்கும், வாழிடம் இருக்காது.

பீமாவின் பலவீனம் வேறு இரண்டு இடங்களில் இருக்கிறது. பண்ணைகளின் குத்தகையில் இருக்கும் மாநில அறக்கட்டளை நிலங்கள் பெரும்பாலும் பள்ளிகளுக்கு வருவாய் ஈட்டித் தரவே ஒதுக்கப்பட்டவை. நல்ல விலைக்கு ஆள் வந்தால், மேய்ச்சல் குத்தகை அந்த விற்பனையைத் தடுக்காது. எனவே குத்தகைப் பரப்பைக் காக்கப்பட்ட நிலமாகக் கணக்கில் காட்டுவது பாதி உண்மைதான். இரண்டாவது குறை பணம். 2015 நவம்பரில் முன்வைக்கப்பட்ட புதிய கடன் பத்திரங்கள் ஏழையும், திறந்தவெளிக்கானது உட்பட, வாக்காளர்கள் நிராகரித்தார்கள். கொலராடோவின் போல்டர் நகரம் 1967இலேயே விற்பனை வரியில், ஒரு டாலர் கொள்முதலுக்கு 0.4 சென்ட் என்று திறந்தவெளிக்கென ஒதுக்க வாக்களித்தது. அங்கே ஆண்டுதோறும் சிறுகச் சிறுகப் பணம் வருகிறது, நல்ல நிலம் விலைக்கு வரும்போது கையில் காசு இருக்கிறது. பெரிய கடனை ஒரே மூச்சில் வாங்கிச் செலவழித்துவிட்டு அடுத்த வாக்கெடுப்புக்குக் காத்திருக்கும் பீமா முறையைவிட இதுவே உறுதியானது. 2004இல் பீமா மக்கள் தந்த ஒப்புதலோடு இப்படியொரு சிறு நிரந்தர வரியும் சேர்ந்திருந்தால், குத்தகையில் நிற்கும் ஓடைக்கரைகளுக்கு மாநில அரசு விலை சொல்லும் நாளில் கவுன்டியும் ஏலத்தில் நிற்க முடியும்.