காக்கிக்குள் ஒருவர் – 12: கைதிகளின் கணக்கு

போன வாரம் சம்பல் பள்ளத்தாக்கில் நிறுத்தியிருந்தேன். கொள்ளையன் கப்பர் சிங் செத்ததோடு ருஸ்தம்ஜியின் கதையும் முடிந்துவிட்டதா என்று கேட்கிறார்கள். 'ஷோலே' செய்த வேலை இது. படத்தில் கப்பர் வாய் ஓயாமல் பேசுவான். நிஜத்து கப்பரை 1959 நவம்பர் 13ஆம் தேதி பிண்ட் மாவட்டத்தில் போலீஸ் சுட்டு வீழ்த்தியது. மறுநாள் நேருவுக்குப் பிறந்தநாள். மத்தியப் பிரதேசக் காவல்துறைத் தலைவராக இருந்த ருஸ்தம்ஜி, பிறந்தநாள் பரிசு என்று சொல்லித்தான் அந்தச் சேதியை நேருவுக்குத் தெரிவித்தார். ஆறு வருடம் நேருவின் பாதுகாப்பு அதிகாரியாக அவர் பின்னாலேயே திரிந்தவர், அந்த உரிமை இருந்தது. இருந்தாலும் ஒருவனுடைய சாவைப் பரிசாகக் கொடுப்பது எனக்கு உறுத்துகிறது, அவன் ஊரார் மூக்கை அறுத்தவனாகவே இருந்தாலும். இதே மனிதர் இருபது வருடம் கழித்துச் செய்ததைப் படிக்கும்போது இந்த உறுத்தலையும் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நடுவில் அவருக்குக் கிடைத்த வேலை சாதாரணமானதல்ல. அதுவரை பாகிஸ்தான் எல்லையை அந்தந்த மாநில ஆயுதப் போலீஸ் காத்துவந்தது. ராஜஸ்தானுக்கு ஒரு வழக்கம், பஞ்சாபுக்கு ஒரு வழக்கம். 1965 ஏப்ரலில் கட்ச் பகுதியில் பாகிஸ்தான் ராணுவம் தாக்கியபோதுதான் இந்த ஒட்டுப்போட்ட ஏற்பாடு தாங்காது என்று டெல்லிக்குப் புரிந்தது. அந்த வருடம் டிசம்பர் 1ஆம் தேதி எல்லைப் பாதுகாப்புப் படை பிறந்தது. முதல் தலைவர் ருஸ்தம்ஜி. 1974 வரை அந்த நாற்காலியில் இருந்தார்.

1971 மார்ச் கடைசியில் நடந்த ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். டாக்காவில் பாகிஸ்தான் ராணுவம் வெறியாட்டம் தொடங்கியிருந்தது. அவாமி லீக் தலைவர் தாஜுதீன் அகமது வயலும் ஆறுமாகக் கடந்து மேற்கு வங்க எல்லைக்கு வந்து சேர்ந்தார். எல்லைப் படையின் கிழக்குப் பகுதி அதிகாரி கோலக் மஜும்தார் அவரைக் கல்கத்தாவுக்குக் கூட்டிவந்தார். அன்றிரவே டெல்லியிலிருந்து விமானத்தில் வந்து இறங்கினார் ருஸ்தம்ஜி. தாஜுதீனிடம் உடுத்தியிருந்த அழுக்குத் துணியைத் தவிர மாற்றுடை இல்லை. ருஸ்தம்ஜி தன் பெட்டியைத் திறந்து தன்னுடைய குர்தா பைஜாமாவை எடுத்துக் கொடுத்தார். குளித்துவிட்டு அதைப் போட்டுக்கொண்டவர், மூன்று வாரத்துக்குள் புதிய வங்கதேச அரசின் பிரதமராகப் பதவியேற்றார். போர் வரலாற்றுப் புத்தகங்களில் பீரங்கிக்கு இருக்கும் இடம் இந்த குர்தாவுக்குக் கிடைப்பதில்லை.

அப்புறம் உள்துறையில் சிறப்புச் செயலாளர். கடத்தல்காரர்களைக் கடலில் மறிக்கத் தனிப்படை வேண்டுமா என்று ஆராயும் குழுவுக்குத் தலைவர். 1975 ஜூலையில் அந்தக் குழு கொடுத்த அறிக்கையிலிருந்து முளைத்ததுதான் இன்று ராமேஸ்வரத்து மீனவர்கள் தினம் பார்க்கும் கடலோரக் காவல்படை.

இத்தோடு அவர் ஓய்ந்திருந்தாலும் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். நெருக்கடி நிலை முடிந்து ஜனதா அரசு வந்தது. போலீஸ் ஏன் ஆளுங்கட்சியின் கையாளாகிறது என்று ஆராய 1977 நவம்பரில் தேசிய போலீஸ் கமிஷன் அமைத்தார்கள். தர்ம வீரா தலைவர். ருஸ்தம்ஜி ஓர் உறுப்பினர். அந்த வேலையாகத்தான் பீகார் சிறைகளுக்குப் போனார்.

நாற்பது வருடம் ஆட்களை உள்ளே அனுப்பிய துறையின் ஆள், முதல்முறையாக நிதானமாக உள்ளே இருந்தவர்களைப் பார்த்தார். யார் நீ, என்ன கேஸ், எப்போது வந்தாய்? பதில்களைக் கூட்டிப் பார்த்தால் கணக்கு உதைத்தது. குற்றம் நிரூபணமானாலும் சில மாதங்கள்தான் தண்டனை. ஆனால் விசாரணையே தொடங்காமல் வருடக்கணக்கில் கிடந்தார்கள். மூன்று வருடம், ஐந்து வருடம், சிலர் பத்து வருடம்கூட. ஜாமீன் கட்ட வக்கில்லை, ஜாமீனுக்குக் கையெழுத்துப் போட ஆளில்லை, வாய்தாவுக்குக் கூட்டிப்போக யாருக்கும் நினைவில்லை. குழந்தைகளும் இருந்தார்கள். எந்தக் குற்றமும் செய்யாத பெண்கள் சிலர், சாட்சி சொல்ல வேண்டியவர்கள் என்பதற்காகவே 'பாதுகாப்புக் காவல்' என்ற பெயரில் பூட்டி வைக்கப்பட்டிருந்தார்கள்.

போலீஸ்காரர்கள் எல்லோரும் டைரி எழுதுவார்கள். அது கேஸ் டைரி, கோர்ட்டுக்காக எழுதுவது. ருஸ்தம்ஜிக்குத் தனக்காக எழுதும் பழக்கமும் பணிக்காலம் முழுக்க இருந்தது. பின்னாளில் பி.வி. ராஜகோபால் என்ற இன்னொரு போலீஸ் அதிகாரி அந்தக் குறிப்புகளைப் புத்தகங்களாகத் தொகுத்தார். பார்த்ததைப் பார்த்தபடி எழுதிப் பழகிய கை சிறைக்கும் பொருந்தியது என்று நினைக்கிறேன். கமிஷன் அறிக்கையில் ஒரு பத்தியாகச் சேர்த்துவிட்டுப் போயிருக்கலாம். அப்படிச் சேர்த்திருந்தால் அது இன்றும் அங்கேயே தூங்கிக்கொண்டிருக்கும். அவர் அதை 'இந்தியன் எக்ஸ்பிரஸ்' நாளிதழில் எழுதினார். 1979 ஜனவரி 8, 9 தேதிகளில் கட்டுரை வெளியானது.

டெல்லியில் அதைப் படித்தவர்களில் ஒருவர் வழக்கறிஞர் புஷ்பா கபிலா ஹிங்கோரானி. பத்திரிகைக் கட்டுரையையே ஆதாரமாக வைத்து உச்ச நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்டார். பாதிக்கப்பட்டவரோ அவருடைய உறவினரோ வந்துதான் கேட்க வேண்டும் என்று இருந்த காலம் அது. ஹிங்கோரானி அந்தக் கைதிகளில் ஒருவரைக்கூட நேரில் பார்த்ததில்லை. நீதிபதி பகவதி அமர்வு மனுவை ஏற்றுக்கொண்டு, கைதிகளின் பட்டியலைக் கொண்டுவா என்று பீகார் அரசை உலுக்கியது. பட்டியல் வர வர, சொந்த ஜாமீனில் விடுதலை உத்தரவுகள் போயின. விரைவான விசாரணை, அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவு தரும் உயிருக்கும் சுதந்திரத்துக்குமான உரிமையில் அடங்கும் என்று நீதிமன்றம் சொன்னது இந்த வழக்கில்தான். பொதுநல வழக்கு என்று நாம் இன்று பழகிப்போன பேச்சுக்கும் விதை இதுவே.

கைதிகளின் எண்ணிக்கை மட்டும் அடங்கவில்லை. இன்றும் இந்தியச் சிறைகளில் நாலில் மூன்று பேர் தண்டனை பெறாத விசாரணைக் கைதிகள்தான்.

1991இல் அவருக்குப் பத்ம விபூஷண் வந்தது. 2003இல் காலமானார். சட்டக் கல்லூரி மாணவர்களுக்கு இந்த வழக்கு 'ஹுசைனாரா காத்தூன்' என்ற பெயரில் பாடம். பட்டியலில் இருந்த கைதிகளில் ஒருவர் அந்தப் பெண். கட்டுரை எழுதியவர் பெயரைக் கேட்டுப் பாருங்கள், பத்தில் எட்டு மாணவர்கள் விழிப்பார்கள். கப்பர் சிங்கைச் சுட்ட போலீஸின் தலைவர் என்று சொன்னால்தான் தலையாட்டுவார்கள்.

போலீஸ் கமிஷன் எட்டு அறிக்கைகள் கொடுத்தது. அவை அலமாரியில் பதினைந்து வருடம் தூசி தின்றன. ருஸ்தம்ஜி தொடங்கி வைத்த எல்லைப் படையின் தலைமை நாற்காலியில் பின்னாளில் உட்கார்ந்த ஒருவர், ஓய்வுக்குப் பிறகு அந்தத் தூசியைத் தட்டி 1996இல் உச்ச நீதிமன்றத்துக்கு எடுத்துப்போனார். பெயர் பிரகாஷ் சிங். தீர்ப்பு வரப் பத்து வருடமானது. அது அடுத்த வாரம்.