வேதிக் கணக்கு – 7: தராசு சொல்லாத எண்

வினிகரில் இருக்கும் அசிட்டிக் அமிலம், தயிரைப் புளிக்க வைக்கும் லாக்டிக் அமிலம், ஆஸ்பத்திரியில் நரம்பில் ஏற்றும் குளுக்கோஸ், பிணவறை ஃபார்மலினில் கரைந்திருக்கும் ஃபார்மால்டிஹைடு. இந்த நான்கையும் சுத்தப்படுத்தி, நூறு நூறு கிராம் எடுத்துப் பகுத்துப் பார்த்தால் விடை ஒன்றுதான்: கார்பன் 40 கிராம், ஹைட்ரஜன் 6.7, ஆக்சிஜன் 53.3. ஒன்று மயங்கி விழுந்தவரை எழுப்பி உட்கார வைக்கும். இன்னொன்றை முகர்ந்தாலே கண் எரியும். எடைக் கணக்கிலோ இம்மி வித்தியாசம் கிடையாது.

இந்தக் கணக்கைப் போட வழி செய்தவர் யூஸ்டஸ் லீபிக். ஜெர்மனியின் கீசன் நகரில் 1831இல் அவர் ஒரு கண்ணாடிக் கருவி செய்தார். முக்கோணமாக வளைத்த குழாயில் ஐந்து குமிழ்கள், உள்ளே பொட்டாஷ் கரைசல். ஆராய வேண்டிய பொருளைக் காப்பர் ஆக்சைடோடு கலந்து சூடாக்கினால் அதிலுள்ள ஹைட்ரஜன் நீராவியாகவும் கார்பன் கரியமில வாயுவாகவும் வெளியேறும். நீராவியைக் கால்சியம் குளோரைடு அடைத்த குழாய் பிடித்துக்கொள்ளும். கரியமில வாயுவைக் குமிழ்களில் உள்ள பொட்டாஷ் விழுங்கிவிடும். இரண்டையும் முன்னும் பின்னும் நிறுத்தால் போதும். அமெரிக்க வேதியியல் சங்கத்தின் சின்னத்தில் இன்றைக்கும் அந்தக் குமிழ்கள் இருக்கின்றன.

ஒரு கணக்கைப் போட்டே பார்த்துவிடுவோம். 0.300 கிராம் பொருளை எரிக்கிறோம். கரியமில வாயு 0.440 கிராம், நீர் 0.180 கிராம் கிடைக்கிறது. 44 கிராம் கரியமில வாயுவில் கார்பன் 12 கிராம். ஆகவே நம்மிடம் கார்பன் 0.120. 18 கிராம் நீரில் ஹைட்ரஜன் 2 கிராம். ஆகவே ஹைட்ரஜன் 0.020. இரண்டையும் கூட்டி 0.300இல் கழித்தால் மிச்சம் 0.160, அது ஆக்சிஜன். கவனியுங்கள், ஆக்சிஜனை யாரும் நிறுக்கவில்லை. கழித்து வந்த எண் அது. மற்ற இரண்டிலும் நேர்ந்த பிசகெல்லாம் அதன் தலையில்தான் விடியும். இனி, சென்ற வாரம் பார்த்த மோல் கணக்கு: அணு எடைகளான 12, 1, 16 ஆகியவற்றால் வகுத்தால் 0.01, 0.02, 0.01. அதாவது 1 : 2 : 1, சிஎச்₂ஓ. இதற்குப் பெயர் எளிய விகித வாய்பாடு.

நம் பாடப்புத்தகங்கள் இந்த இடத்தில் 'மூலக்கூறு எடை 60 எனில்' என்று ஒரு வரி போட்டுவிட்டு நகர்ந்துவிடும். அந்த 60 எங்கிருந்து வந்தது என்பதில்தான் கதையே இருக்கிறது. தராசு எத்தனை துல்லியமாக இருந்தாலும் விகிதத்தைத்தான் சொல்லும். ஒரு மூலக்கூறில் அந்த விகிதம் எத்தனை மடங்காக அடங்கியிருக்கிறது என்று சொல்லாது.

அது தெரியாமல் வேதியியலாளர்கள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. டால்டன் நீரை ஒரு ஹைட்ரஜனும் ஒரு ஆக்சிஜனும் சேர்ந்தது என்றே கொண்டார். கார்பனின் அணு எடையை 6 என்றும் ஆக்சிஜனின் அணு எடையை 8 என்றும் வைத்துக்கொண்டவர்கள் அசிட்டிக் அமிலத்தை சி₄எச்₄ஓ₄ என்று எழுதினார்கள். அந்த ஒரே அமிலத்துக்குப் புழக்கத்தில் இருந்த 19 வாய்பாடுகளை ஜெர்மன் வேதியியலாளர் கெக்குலே தம் பாடநூலில் வரிசையாக அச்சிட்டுக் காட்டினார். 1860 செப்டம்பரில் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூஹே நகரில் நூற்றுக்கும் மேற்பட்ட வேதியியலாளர்கள் கூடிப் பேசியும் முடிவு எட்டவில்லை. கடைசியில் இத்தாலியர் கனிசாரோவின் சிறு பிரசுரம் ஒன்றை அவருடைய நண்பர் பவேசி எல்லோருக்கும் விநியோகித்தார். ஒரே வெப்பநிலை, ஒரே அழுத்தத்தில் சம பருமனுள்ள வாயுக்களில் மூலக்கூறுகளின் எண்ணிக்கையும் சமம் என்று அவகாட்ரோ 1811லேயே சொன்னதை அது தூசி தட்டி எடுத்திருந்தது. அப்படியானால் ஆவியை நிறுத்தாலே மூலக்கூறை நிறுத்த மாதிரி. ஃபார்மால்டிஹைடு வாயு ஹைட்ரஜனைவிட 15 மடங்கு கனம். ஹைட்ரஜன் மூலக்கூறு 2, ஆகவே இது 30. சிஎச்₂ஓவின் எடையும் 30தான். இங்கே விகிதமும் மூலக்கூறும் ஒன்றே.

அசிட்டிக் அமிலம் அவ்வளவு சாது அல்ல. கொதிநிலையை ஒட்டி அதன் ஆவியை நிறுத்தால் 60ஐத் தாண்டிக் கனக்கும், மூலக்கூறுகள் ஜோடி ஜோடியாக ஒட்டிக்கொண்டிருப்பதால். நன்றாகச் சூடேற்றினால்தான் பிரிந்து 60க்கு வரும்: சி₂எச்₄ஓ₂.

குளுக்கோஸ் ஆவியாகவே ஆகாது, கருகிப் பாகாகிவிடும். அதற்கு வழி 1880களில் பிரெஞ்சுக்காரர் ரவூலின் ஆய்வுகளால் கிடைத்தது. நீரில் எதைக் கரைத்தாலும் உறைநிலை இறங்கும்; எவ்வளவு இறங்கும் என்பது கரைந்த துகள்களின் எண்ணிக்கையைப் பொறுத்தது. ஒரு கிலோ நீரில் 18 கிராம் குளுக்கோஸ் கரைத்தால் சுமார் 0.186 டிகிரி செல்சியஸ் இறங்கும். மூலக்கூறு எடை 30ஆக இருந்தால் ஒரு டிகிரிக்கு மேல் இறங்கியிருக்க வேண்டும். இறங்கியது இவ்வளவுதான் என்பதால் எடை 180. ஆறு மடங்கு, சி₆எச்₁₂ஓ₆. இன்று இந்த வேலையை நிறை நிரல்மானி நொடியில் முடித்துவிடுகிறது.

சாப்பாட்டு உப்புக்கு இந்தத் தொல்லையே இல்லை. அதன் படிகத்தில் தனி மூலக்கூறு என்று ஒன்று கிடையாது. சோடியமும் குளோரினும் ஒன்றுக்கு ஒன்று என்ற விகிதம்தான் அதற்கு முழு முகவரி.

இந்த வாரம் உங்களுக்கு ஒரு வேலை. வைட்டமின் சியில் கார்பன் 40.9, ஹைட்ரஜன் 4.58, ஆக்சிஜன் 54.5 சதவீதம், மூலக்கூறு எடை 176. எளிய விகித வாய்பாடு, மூலக்கூறு வாய்பாடு இரண்டையும் கண்டுபிடியுங்கள். வகுக்கும்போது ஹைட்ரஜனுக்கு 1.34 என்று வரும். பரீட்சை அவசரத்தில் செய்வதுபோல் அதை 1 என்று திருத்திவிடாதீர்கள். மூன்றால் பெருக்கிப் பாருங்கள். விடை அடுத்த வாரம்.

(தொடரும்)