இலட்சத்தீவு: உணவும் இயற்கை எழிலும்

கொச்சியிலிருந்து 220 முதல் 440 கிலோமீட்டர் தொலைவில் அரபிக் கடலில் பரவிக் கிடக்கும் இலட்சத்தீவு, 1956-ஆம் ஆண்டில் மத்திய ஆட்சிப் பகுதியாயிற்று. இப்பெயர் 1973-இல் சூட்டப்பெற்றது. இங்குள்ள 36 தீவுகளில் மக்கள் வாழ்பவை பத்தே. மொத்த நிலப்பரப்பு 32 சதுர கிலோமீட்டர். 2011-ஆம் ஆண்டுக் கணக்கின்படி மக்கள் தொகை 64,473. ஆனால் பவளத் திட்டுகள் அணைத்து நிற்கும் ஆழமற்ற கடற்கழிகளின் பரப்போ ஏறத்தாழ 4,200 சதுர கிலோமீட்டர். தீவின் உண்மையான செல்வம் நிலத்தில் இல்லை, கழியிலேயே உள்ளது.

சூரையும் தென்னையும்

இத்தீவுகளில் நெல் விளைவதில்லை. அரிசி கப்பலில் வருகிறது. தீவு தானே தரும் உணவுகள் சூரை மீனும் தேங்காயுமே. மினிக்காய் மக்கள் பன்னெடுங்காலமாகக் கையாளும் முறை தூண்டிற்கோல் முறையாகும். கழியில் சிறு மீன்களை உயிருடன் பிடித்துப் படகில் வைத்துக்கொண்டு ஆழ்கடலுக்குச் செல்வர். அவற்றை இரையாக வீசிச் சூரைக் கூட்டத்தை ஈர்த்து, ஒவ்வொரு மீனாகத் தூண்டிலில் இழுப்பர். வலையில் தேவையற்ற உயிரினங்கள் சிக்கி அழியும் கேடு இதில் இல்லை.

பிடித்த சூரையை வேகவைத்து, புகையூட்டி, வெயிலில் கட்டைபோல் காயவைத்தால் 'மாஸ்' கிடைக்கிறது. தமிழகத்தில் மாசிக் கருவாடு எனப்படுவது இவ்வினத்தைச் சேர்ந்ததே. இதை இடித்துத் தேங்காயும் வெங்காயமும் சேர்த்துச் சமைப்பது அன்றாட உணவு. 'மீரா' எனப்படும் இனிப்பான தென்னம் பதநீரைக் காய்ச்சி வெல்லம் எடுக்கின்றனர். அரிசி மாவும் முட்டையும் கலந்து மெல்லியதாகச் சுடும் 'கிலாஞ்சி'யைத் தேங்காய்ப் பாலும் வாழைப்பழமும் வெல்லமும் கலந்த இனிப்புடன் விருந்தினருக்கு அளிப்பது வழக்கம்.

பயணிகள் நாடி வருவது

கடமத், பங்காரம், அகத்தி ஆகிய தீவுகளின் வெண்மணற் கரைகளும், நீருக்கடியில் தெரியும் பவளத் தோட்டங்களும், மினிக்காயில் 1885-இல் எழுந்த கலங்கரை விளக்கமும் பயணிகளைக் கவர்கின்றன. நுழைவு அனுமதி பெற்றே இங்குச் செல்ல இயலும்.

இங்கு ஒரு பொருளாதார வினா எழுகிறது. பயணி செலவிடும் பணத்தில் எவ்வளவு தீவில் தங்குகிறது? அவர் உண்ணும் அரிசியும் காய்கறியும் கோழியும் கரையிலிருந்து வருமாயின், வருவாயின் ஒரு பகுதி அதே கப்பலில் திரும்பிவிடுகிறது. சூரையும் வெல்லமும் தேங்காயும் இலையில் இடம்பெற்றால், அப்பணம் மீனவர் வீட்டையும் தென்னை ஏறுபவர் வீட்டையும் சேரும்.

ஆனால் எல்லா உள்ளூர் மீனும் ஒன்றல்ல. சூரை ஆழ்கடல் மீன். களவாவும் கிளிமீனும் பவளத் திட்டில் வாழ்பவை. கிளிமீன் பாசியை மேய்ந்து பவளத்தைக் காக்கிறது. அது அரைத்துக் கழிக்கும் பவளத் துகளே கரை மணலில் ஒரு பங்காகிறது. விருந்துக்காக இவற்றை மிகுதியாகப் பிடித்தால், பயணி காண வந்த காட்சியையே உண்டு தீர்த்தவராவார்.

காக்க வேண்டிய வரம்பு

கடல்நீர் அளவுக்கு மீறிச் சூடாகும்போது, பவள உயிரி தனக்கு உணவூட்டும் நுண்பாசியை இழந்து வெளுக்கிறது. 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் இலட்சத்தீவுப் பவளம் இவ்வாறு பெரும் சேதமுற்றது. பவளம் அழிந்தால் அதன் கிளைகளிடையே வாழும் இரை மீன் குறையும்; இரை குறைந்தால் சூரைத் தொழில் நலியும்; அலையைத் தடுக்கும் அரண் தளர்ந்து கரையும் அரிக்கப்படும்.

குடிநீருக்கும் வரம்பு உண்டு. மழைநீர் மணலில் இறங்கி, அடியிலுள்ள உப்புநீரின்மேல் மெல்லிய படலமாக மிதக்கிறது. மிகுதியாக இறைத்தால் கிணறு உவர்ப்பாகும். இதற்குத் துணையாகச் சென்னையிலுள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம், நாளொன்றுக்கு 1 லட்சம் லிட்டர் தரும் நன்னீராக்கும் நிலையத்தைக் கவரத்தியில் 2005-இல் அமைத்தது. எனினும் விடுதி அறை ஒவ்வொன்றும் நீர்த் தேவையைப் பெருக்குகிறது.

ஆகவே, வந்து சென்றோரின் எண்ணிக்கை ஒன்றே வளர்ச்சியின் அளவுகோல் ஆகாது. ஒரு பயணியால் தீவில் தங்கிய வருவாய் எவ்வளவு, அவருக்காகச் செலவான நன்னீர் எவ்வளவு, கழியின் நிலை என்ன என்ற மூன்றையும் சேர்த்தே கணக்கிடல் வேண்டும். உணவு, எழில், நிலம் ஆகிய மூன்றுக்கும் பவளத் திட்டு ஒன்றே மூலதனம். வட்டியைக் கொண்டு வாழ்வதும், முதலைக் குறையாமல் அடுத்த தலைமுறைக்கு விட்டுச் செல்வதுமே தீவுத் திட்டமிடலின் முதற்கடமையாகும்.