துப்பாக்கியைக் கழற்றிய வேவுகாரர்

1948-ஆம் ஆண்டு இரவோடிரவாக நம் ஹைதராபாத்துக்கு ஆயுதங்கள் பறந்து வந்த கதையை முதியோர் சிலர் கேட்டிருக்கக்கூடும். அவற்றைக் கொணர்ந்தவர் சிட்னி காட்டன் என்னும் ஆஸ்திரேலிய விமானி. அவருடைய முந்தைய தொழிலோ அதனினும் விசித்திரமானது.

1939-இல், யுத்தம் மூளுமுன்னரே, பிரிட்டிஷ் ரகசிய இலாகாவுக்காக அவர் வியாபாரியைப்போல் ஜெர்மனிக்குப் பறந்தார். விமானத்தில் ஒளித்துவைத்த காமிராக்கள் ராணுவ நிலையங்களைப் படம் பிடித்தன. யுத்தம் தொடங்கியதும் ஸ்பிட்ஃபயர் விமானங்களைக் கேட்டு வாங்கினார். வாங்கியவர் முதலில் செய்தது என்ன தெரியுமா? எட்டு யந்திரத் துப்பாக்கிகளையும் கழற்றியெறிந்ததுதான்! பாரம் குறைந்தால் வேகமும் உயரமும் கூடும். வேவுகாரன் சண்டையிடப் போகவில்லை, படத்தோடு உயிருடன் திரும்பவேண்டியவன் என்பது அவர் கணக்கு. லாங்பாட்டம் என்ற அதிகாரியும் இதையே எழுதி வைத்திருந்தார். இறக்கைகளில் காமிராக்கள் அமர்ந்தன. வெளிறிய பச்சை வர்ணம் விமானத்தை வானத்தோடு கலக்கச் செய்தது.

விமானிகளைக் காக்கத் துப்பாக்கியைக் கழற்றிய அதே மனிதர், ஒன்பதாண்டுகளுக்குப் பின் கராச்சியிலிருந்து லங்காஸ்ட்ரியன் விமானங்களில் நிஜாமுக்குத் துப்பாக்கி சுமந்தாரே, இதை என் மனம் ஏற்க மறுக்கிறது. அவை சென்று சேர்ந்த ஊரில் குழந்தை குட்டிகளோடு மக்கள் வாழ்ந்தார்கள் அல்லவா?

செப்டம்பர் 13-இல் இந்தியப் படை உள்ளே புகுந்தது. 17-இல் நிஜாம் போர்நிறுத்தம் அறிவித்தார். காட்டனுக்கு லண்டனில் விதிக்கப்பட்ட அபராதம் 200 பவுன்.