காவல்காரனுக்கு ஒரு காவல்

எங்கள் மணிக்கு வயது 13. தொண்டூரில் எந்தக் கொல்லையில் காலடி கேட்டாலும் முதல் குரல் அவனுடையதுதான். நிலக்கடலை காயும் களத்தை ஆடு, மாடு நெருங்க முடியாது. இப்போதோ ஆடு சாவகாசமாக வந்து கடலைக்கொடியை மேய்கிறது. பக்கத்திலேயே படுத்து மணி குறட்டை விடுகிறான்!

"இதுக்கு இனிமே எதுக்குச் சோறு, பெரியம்மா? செஞ்சிப் பக்கம் கொண்டு போய் விட்டுடலாமே!" என்றார் பக்கத்து வீட்டுக்காரர். அவர் பொல்லாதவர் அல்ல. பலர் மனத்தில் நினைப்பதை அவர் வாய்விட்டுச் சொன்னார், அவ்வளவுதான்.

"ஏம்ப்பா, காவல் காத்தவனைத் தெருவிலே விடறதா?" என்றாள் அம்மா. அதோடு பேச்சு முடிந்தது.

நாய்க்கு நன்றி செலுத்துவது நம் நாட்டில் புதிதா என்ன? திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில், மகேந்திரவர்ம பல்லவனின் 34-ம் ஆட்சியாண்டில் நட்ட நடுகல் ஒன்று உண்டு. எருமைகளைக் காக்கப் போராடி மடிந்த வீரனோடு, கள்வரைக் கடித்துக் காத்து நின்ற 'கோவிவன்' என்ற நாயையும் அதில் செதுக்கியிருக்கிறார்கள். 1,300 ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்த நாயின் பெயர் அழியவில்லை! பாரதத்திலே, கூட வந்த நாயை விட்டுவிட்டுச் சொர்க்கம் புக மாட்டேன் என்று தருமபுத்திரர் நின்ற கதை யாருக்குத்தான் தெரியாது?

ஆனால், அன்பு மட்டும் போதாது. கொஞ்சம் விவரமும் வேண்டும். அது இல்லாததால் நாங்கள் ஒரு தவறு செய்தோம். மணி திண்ணையை நனைத்தபோதெல்லாம் அதட்டினோம். கால்நடை மருத்துவர்தான் விளக்கினார்: "திமிர் இல்லைங்க, முதுமை. அடக்க முடியவில்லை. திடீரென்று தண்ணீர் அதிகம் குடித்தால் சிறுநீரகக் கோளாறோ நீரிழிவோ இருக்கலாம், சோதித்துப் பார்க்கவேண்டும்." எங்களுக்கு வெட்கமாகப் போய்விட்டது.

அன்றிலிருந்து வீட்டையே அவனுக்குத் தக்கபடி மாற்றினோம். சிமெண்டுத் தரையில் கால் வழுக்குகிறது, சாக்கு விரித்தோம். மூட்டு வலியால் திண்ணை ஏற முடியவில்லை. பலகையைச் சாய்த்து வைத்தோம். தொண்டூர்ப் பாறையில் அந்தக் காலத்துச் சமண முனிவர்களுக்குக் கற்படுக்கை. மணிக்கு இரட்டைச் சாக்குப் படுக்கை!

ஒரே வேளையில் வட்டில் நிறையப் போட்ட சோற்றை மூன்று வேளையாகப் பிரித்தோம். உடல் பருத்தால் மூட்டுக்குத்தான் கஷ்டம். வெங்காயம் போட்ட சாம்பார் சாதம் கூடாது. வெங்காயம் நாயின் ரத்த அணுக்களைக் கெடுக்கும். வலிக்கிறதே என்று நாம் விழுங்கும் மாத்திரையைக் கொடுப்பது இன்னும் ஆபத்து. பாரசிட்டமால்கூட அதன் உயிருக்கு உலை வைத்துவிடும். வெறிநாய்க்கடித் தடுப்பூசியையும், 'கிழம்தானே' என்று நிறுத்திவிடக் கூடாது.

கிழ நாயின் கண்ணில் நீலம் பாரித்தால் பெரும்பாலும் வயதின் அடையாளம்தான். வெள்ளையாகத் திரை விழுந்தால் புரையாக இருக்கலாம். பார்வை மங்கிய நாய், பழகிய வழியை நினைவில் வைத்தே நடமாடும். ஆகவே கட்டிலையும் தண்ணீர்த் தொட்டியையும் இடம் மாற்றாதீர்கள். காது மந்தமான நாய் தூங்கும்போது திடீரென்று தொடவும் கூடாது; பயந்து கடித்துவிடும். குழந்தைகளுக்கு இதை அவசியம் சொல்லிவையுங்கள். தரையை லேசாகத் தட்டினால் போதும், அதிர்விலேயே விழித்துக்கொள்ளும். இரவில் காரணமின்றி அலைந்து ஊளையிட்டால் மூளைத் தளர்ச்சியாக இருக்கலாம். சிறு விளக்கு ஒன்று எரிந்தால் சற்றே தெளிவு பெறும்.

வெயில் ஏறுமுன் ஒரு நடை, சாய்ந்தபின் ஒரு நடை. முன்பு மணி என்னை இழுத்துக்கொண்டு ஓடுவான். இப்போது பத்தடிக்கு ஒரு தரம் நிற்கிறான். நானும் நிற்கிறேன்.

போன வாரம் பக்கத்து வீட்டுக்காரர் ஒரு பழைய கம்பளியைக் கொண்டுவந்து, "பனியிலே படுத்திருக்கானே!" என்று போர்த்திவிட்டுப் போனார். மணிக்கு அவர் வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. ஆனால், அம்மா சோற்று வட்டிலோடு திண்ணையில் கால் வைத்ததுமே கம்பளிக்குள் வால் ஆடியது!