வழி அடைபட்ட வேளையில்



அப்போஸ்தலர் நடபடிகள் 16 ஆம் அதிகாரத்தை வாசிக்கும்போது, பவுல் மக்கெதோனியாவுக்குச் சென்று பிலிப்பியில் ஊழியம் செய்ததையே நாம் நினைவிற் கொள்கிறோம். அதற்கு முன்னுள்ள சில வசனங்களை விரைந்து கடந்துவிடுகிறோம். ஆசியாவில் வசனத்தைப் பிரசங்கிக்க அவருக்குத் தடை உண்டாயிற்று. பித்தினியாவுக்குப் போக முயன்றார், அவ்வழியும் அடைபட்டது. தேவ ஊழியத்துக்கென்றே புறப்பட்ட மனிதருக்கு இருமுறை "வேண்டாம்" என்ற விடையே கிடைத்தது. துரோவா பட்டினத்தை அடையும்வரை, எங்கே போகவேண்டும் என்பது அவருக்குச் சொல்லப்படவுமில்லை. இடைப்பட்ட அந்த நெடுவழியை அவர் எத்தகைய மனநிலையுடன் நடந்தார் என்பதை லூக்கா எழுதிவைக்கவில்லை.

எமது மண்ணின் திருச்சபை வரலாற்றிலும் இவ்வாறு அடைபட்ட வழியொன்று உண்டு. 1812 பெப்ரவரியில், திருமணமாகிச் சில நாட்களே கடந்திருந்த நிலையில், சாமுவேல் நியூவெல் என்ற இளம் போதகரும் அவருடைய துணைவியார் ஹரியற்றும் அமெரிக்காவின் சேலம் துறைமுகத்தில் கப்பலேறினர். இந்தியாவில் ஊழியம் செய்வதே அவர்களுடைய நோக்கம். ஏறத்தாழ நான்கு மாதங்களின் பின் கல்கத்தாவை அடைந்தபோது, கிழக்கிந்தியக் கம்பனியார் அங்கு தங்க அனுமதி மறுத்து, வெளியேறுமாறு கட்டளையிட்டனர். மொரீசியஸ் தீவுக்குச் செல்லும் கப்பலொன்றில் இருவரும் புறப்பட்டனர். அக்கடற்பயணத்தில் ஹரியற் ஒரு பெண்மகவை ஈன்றார். சில நாட்களில் அது மரித்தது. தீவை அடைந்த பின், 1812 நவம்பர் 30 ஆந் திகதி, காசநோயால் ஹரியற்றும் மரித்தார். அப்போது அவருக்கு வயது 19.

மனைவியையும் பிள்ளையையும் இழந்த நியூவெல், 1813 இல் தனியராக இலங்கைக்கு வந்து சேர்ந்தார். இங்கு தங்கியிருந்த மாதங்களில், யாழ்ப்பாணம் ஊழியத்துக்கு ஏற்ற இடமெனக் கண்டு, தம்மை அனுப்பிய சங்கத்துக்குப் பரிந்துரைத்தார். 1816 இல் அமெரிக்கன் மிசன் ஊழியர்கள் யாழ்ப்பாணம் வந்து, தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் பணியைத் தொடங்கினர். வட்டுக்கோட்டைச் செமினறியும் மானிப்பாய் வைத்தியசாலையும் அதன்வழி வந்தவையே.

அப்படியாயின், யாழ்ப்பாணத்துக்குக் கல்வி கிடைக்கவேண்டுமென்றே ஹரியற் மரித்தார் என்று சொல்லலாமா? பிரசங்கங்களில் அவ்வாறான விளக்கங்களைக் கேட்டிருக்கிறேன், ஏற்க இயலவில்லை. ஓர் இளந்தாயின் மரணத்தைப் பாடசாலைகளுக்குரிய விலையாகக் கணக்கிடுவது நாம் அறிந்த கர்த்தருடைய குணத்துக்கு ஒவ்வாதது. லாசருவை உயிரோடே எழுப்பப்போவதை அறிந்திருந்தும், இயேசு கண்ணீர் விட்டாரல்லவா? போரினாலும் சுனாமியினாலும் நினையாத ஊர்களில் வாழ்வைத் தொடங்க நேர்ந்தவர்கள் எம்மிடையே பலர். "இதற்கும் ஒரு நோக்கம் இருக்கும்" என்று அவர்களிடம் அவசரமாகச் சொல்லுமுன், அக்கண்ணீரை நாம் சற்று நினைத்துக்கொள்வது நல்லது.

நியூவெல்லுக்குக் காரணம் எதுவும் தெரிவிக்கப்படவில்லை. துரோவாவில் பவுலுக்குக் கிடைத்தது போன்ற தரிசனம் பெற்றாரென்றும் நாம் வாசிப்பதில்லை. அவர் தாயகம் திரும்பியிருந்தாலும் எவரும் குறைகூறியிருக்கமாட்டார்கள். ஆயினும், தம்மை அழைத்தவர் கைவிடவில்லை என்ற நம்பிக்கையோடு, தமக்குத் தெரிந்த அடுத்த துறைமுகத்துக்குக் கப்பலேறினார். அவர் செய்தது அவ்வளவே.

1814 இல் அவர் பம்பாய்க்குச் சென்று, அங்கிருந்த தம் நண்பர்களுடன் ஊழியத்தில் இணைந்தார். 1821 இல் கொலரா நோயால் அங்கேயே மரித்தார். அதற்கு மூன்று ஆண்டுகளின் பின்னரே, 1824 இல், உடுவிலில் பெண்பிள்ளைகளுக்கான விடுதிப் பாடசாலை ஆரம்பமாயிற்று. அதனைத் தொடங்கிய அம்மையாரின் பெயர் ஹரியற் வின்ஸ்லோ. தம் மனைவியின் பெயரையே கொண்ட ஒருவர், தாம் பரிந்துரைத்த மண்ணில், தமிழ்ச் சிறுமிகளுக்கு எழுத்தறிவித்ததை நியூவெல் காணவில்லை.