பணம் இருக்கிறது, வண்டி எங்கே?

கையில் பணத்தை வைத்துக்கொண்டு வண்டிக்காகத் தவம் கிடந்தார்கள், அதுவும் அமெரிக்காவில்! நம்ப முடிகிறதா?

2021-ல் போர்டு கம்பெனி ‘மாவெரிக்’ என்ற சிறிய ‘பிக்-அப்’ வண்டியை அறிவித்தது. ஆரம்ப விலை 19,995 டாலர். பெட்ரோல் எஞ்சினோடு மின்சார மோட்டாரும் சேர்ந்து இழுக்கும் ‘ஹைபிரிட்’ வண்டி. பிரேக் போடும்போது வீணாகிற சக்தி பாட்டரியில் ஏறிவிடும். பட்டணத்துக்குள் காலனுக்கு 42 மைல்! சாமானும் ஏற்ற வேண்டும், பெட்ரோல் செலவும் குறைய வேண்டும் என்பவருக்கு வேறென்ன வேண்டும்?

கிராக்கி தாங்கவில்லை. 2022 மாடல் ஹைபிரிட் வண்டிக்கு ஆர்டர் வாங்குவதே நின்றது.

கூடுதலாகச் செய்து தள்ளினால் என்ன என்று கேட்கலாம். அங்கேதான் சிக்கல். பாட்டரி, மோட்டார் முதலியவற்றை நினைத்த மாத்திரத்தில் பெருக்க முடியாது. எத்தனை விற்கும் என்று முன்கூட்டியே கணக்கிட்டு ஏற்பாடு செய்திருக்க வேண்டும். போதாக்குறைக்கு அப்போது உலகெங்கும் ‘சிப்’ பஞ்சம்.

விளைவு? 2024 மாடலில் வெறும் பெட்ரோல் வண்டிதான் அடிப்படை விலைக்கு. ஹைபிரிட் வேண்டுமானால் மேற்கொண்டு பணம். சிக்கனத்தைத் தேடிப் போனவர் தலையில்தான் பாரம் ஏறியது!